இரண்டு கை பிரேக் இருந்த கார்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் மூன்று பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்து, பிரேக் வேலையில் நான் கண்ட நுணுக்கங்களை எழுதித் தரச் சொன்னீர்கள். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நுணுக்கம் என்று நான் கண்டது கொஞ்சம்தான். கோட்டை விட்டது நிறைய. நுணுக்கத்தைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். கோட்டை விட்டதை எந்தக் கம்பெனியும் அச்சடித்துத் தருவதில்லை. அதனால் அதில் ஒன்றை எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். நானே சிரிக்க ஆரம்பித்து ரொம்ப காலமாகிறது.

சைகோனில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். எனக்கு முப்பது வயது. காரைக்காலிலிருந்து கப்பலேறிப் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் நடத்திய பட்டறையில் பிரேக் வேலை முழுவதும் என் பொறுப்பு. முதலாளியை நாங்கள் பத்ரோன் என்போம். "பிரேக் என்றால் வைத்திலிங்கம்தான்" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். வாடிக்கையாளர்கள் அதை நம்பினார்களோ இல்லையோ, நான் நம்பிவிட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த முசியே அந்த்வான் எங்கள் ஊர்க்காரர். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. காரைக்கால் கிறிஸ்தவக் குடும்பம். சட்டைக் காலர் கசங்காமல் மூச்சு விடக்கூடியவர். ஊரைவிட்டுப் போன ரப்பர் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். திறந்த கூரை, நான்கு பேர் உட்காரலாம், வயது பன்னிரண்டு. நல்ல எஞ்சின். வண்டியின் உருவத்தைப் பார்த்தால் தேவாலயத்து பெஞ்சுக்குச் சக்கரம் மாட்டியது போலிருக்கும்.

அந்தக் காரின் பின்சக்கர பிரேக் லைனிங், அதாவது சக்கரத்து டிரம்மை உரசி நிறுத்தும் பட்டை, ஆறு வாரத்தில் தேய்ந்துபோய் வந்தது. ஒரு வருஷம் உழைக்க வேண்டிய சரக்கு. முன்சக்கர லைனிங் போட்டபடியே புதுசாக இருக்கிறது. பின்னால் மட்டும் தகடு போல் தேய்ந்திருக்கிறது.

அந்தக் காலத்துக் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கால் பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் பிடிக்கும். கை பிரேக்கை இழுத்தால் பின்சக்கரம் இரண்டு மட்டும் பிடிக்கும். ஆகவே பின்னால் மட்டும் தேய்கிறது என்றால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். நானும் கடைசியில் அங்கேதான் பார்த்தேன். அதற்கு முன் வேறு எல்லா இடத்திலும் பார்த்தேன்.

முதல் தடவை லைனிங் சரக்கின் மீது பழி போட்டேன். கப்பலில் உப்புக்காற்று பட்டுக் கெட்டுவிட்டது என்று பத்ரோனிடம் சொன்னேன். அதே பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட வேறு கார்கள் சுகமாக ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாம் தடவை டிரம்மைக் கடைந்து வழவழப்பாக்கினேன். மூன்றாம் தடவை மழையில் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று கேபிளை மாற்றி, ஸ்பிரிங்கையும் மாற்றினேன். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் ராட்டினம் மாதிரி தடையில்லாமல் சுற்றியது. ஆறு வாரம் கழித்து வண்டி மறுபடி வந்து நின்றது. பின் டிரம்மைக் கழற்றினேன். தகடு.

முசியே பட்டறை வாசலில் நின்றபடி கேட்டார்: "வைத்திலிங்கம், பிரேக்குன்னா நீதான்னு சொல்றாங்களே, அது இந்த ஊரு பிரேக்கா, வேற ஊரு பிரேக்கா?"

பத்ரோன் உள்ளே போய்விட்டார். எனக்குக் காது சுட்டது. மனிதனுக்கு அந்த மாதிரி நேரத்தில் ஒரு குற்றவாளி தேவைப்படுகிறான். எதிரே டிரைவர் நின்றுகொண்டிருந்தான்.

டிரைவர் அந்த ஊர்க்காரன். அவன் பெயருக்கு அவர்கள் மொழியில் நான்கு என்று அர்த்தம். அங்கே பிள்ளைகளை வரிசை எண் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். நம் காதில் அந்தப் பெயர் 'தூ' என்று விழும். முசியேயின் மனைவி மதாம் ரொசாலி, ஒரு மனுஷனைக் கூப்பிடும்போதெல்லாம் துப்புவது போலிருக்கிறதே என்று சங்கடப்பட்டு, பெயரைத் தமிழாக்கி 'நாலு' என்றே வைத்துவிட்டார். அவர்கள் வீட்டில் எட்டு வருஷம் இருந்து அவனுக்கும் தமிழ் வந்துவிட்டது. தமிழர்களை அந்த ஊரில் 'ஏழாவது அண்ணன்' என்பார்கள். ஏன் ஏழு என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் மொழியில் அந்த ஏழு, நம் காதில் 'பாய்' என்று கேட்கும். நெற்றி நிறைய விபூதியோடு நான் நிற்பேன். நாலு என்னை "பாய் அண்ணே" என்பான். மாரியம்மன் கோயில் வாசலில் அப்படிக் கூப்பிட்டு, குருக்கள் என்னைத் திரும்பிப் பார்த்ததும் உண்டு.

"கை பிரேக்கை எடுக்காமலே வண்டி ஓட்டுறியா?" என்று அவனைக் கேட்டேன்.

"இல்ல பாய் அண்ணே."

"எடுக்க மறந்துடுதா?"

"மறக்க மாட்டேன்."

நான் ஒரு யுக்தி செய்தேன். கை பிரேக் கம்பியையும் காரின் அடிப்பலகையிலிருந்த ஆணியையும் சேர்த்து ஒரு கறுப்பு நூலைக் கட்டினேன். "இன்னிக்கு முழுக்கக் கை பிரேக்கைத் தொடாதே. நிறுத்துற எடத்துல சக்கரத்துக்குக் கட்டை வெச்சுக்க" என்று சொல்லி அனுப்பினேன். தலையாட்டிவிட்டுப் போனான். சாயங்காலம் வண்டி திரும்பி வந்தது. நூல் அறுந்திருந்தது.

"நீ தொட்டியா?"

"தொடல."

"அப்ப நூலு தானா அறுந்துச்சா?"

அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அறுந்த நூலைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு நேராக முசியே வீட்டுக்குப் போனேன். கோர்ட்டு மனிதர் அல்லவா, சாட்சியென்றால் அவருக்குப் பிடிக்கும். நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த மாதக் கடைசியோடு நாலுவுக்கு வேலை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மதாம் ரொசாலி கதவோரம் நின்று, "நாலுவா? பொய் சொல்லுறவன் இல்லீங்களே அவன்" என்றார். "நூல் பொய் சொல்லாது" என்றார் முசியே. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

வெளியே வந்தபோது நாலு காரைக் கழுவிக்கொண்டிருந்தான். தீர்ப்பு அவன் காதிலும் விழுந்திருந்தது. சக்கரத்தின் ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாக, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் கொஞ்சதூரம் நடந்துவிட்டு நின்றேன். வேலை போன மனிதன் கத்துவான். இல்லையென்றால் அழுவான், வாளியை உதைப்பான். ஆரக்கம்பிக்குப் பிரஷ் போடமாட்டான். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனுக்கு அந்த நிதானம் எங்கிருந்து வரும்?

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நான்கு தடவை சக்கரத்தைக் கழற்றியிருக்கிறேன், டிரம்மைக் கடைந்திருக்கிறேன், கேபிளை மாற்றியிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து அது எப்படி ஓடுகிறது என்று பார்க்கவில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்கு வருவது நின்றுபோன வண்டி. அது தேய்வது ஓடும்போது.

மறுநாள் காலை, பின்னால் ஏதோ சத்தம் கேட்கிறது, அதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிக் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். நாலு ஓட்டினான். அவனுக்குப் பக்கத்து ஆசனத்தில் மதாம் ரொசாலி. பின்சீட்டில் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றும். கை பிரேக் கம்பி முன்சீட்டுகள் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பெரிய மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து சீனர்களின் பேட்டையான சோலோன் போய்த் திரும்ப வேண்டும்.

மதாம் பின்னால் திரும்பி என்னோடு பேசிக்கொண்டே வந்தார். காரைக்காலில் அவருடைய நாத்தனார், தன் மகன் கல்யாணத்துக்கு அழைத்து ஒரு கடிதம்கூடப் போடாத கதை. "எழுத்து தெரியாதுன்னா சரி. டீச்சரு! பள்ளிக்கூடத்து டீச்சரு!" என்று சொல்லிக்கொண்டிருந்தவருடைய இடது கை, சேலைத் தலைப்புக்குள்ளிருந்து நழுவிப்போய் பிரேக் கம்பியைப் பிடித்தது. எதிரே ஒரு சைக்கிள்காரன் வளைய எத்தனித்தான். வளையவில்லை, எத்தனித்தான், அவ்வளவுதான். மதாமின் கை கம்பியை 'கடிக் கடிக்' என்று அதன் பல் சக்கரத்தில் இரண்டு பல் ஏற்றியது. சைக்கிள் போனதும் ஒரு பல்லை மட்டும் விட்டது. இன்னொரு பல் அப்படியே நின்றது. நாத்தனார் கதை ஒரு எழுத்துக்கூடத் தடைப்படவில்லை.

அடுத்து ஒரு ரிக்‌ஷா. கடிக் கடிக். பிறகு கூடைக்காரி. கடிக். நாலு கியர் மாற்றுகிற சாக்கில் வலது கையைக் கொண்டுபோய்க் கம்பியை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டான். மதாம் மறுபடி ஏற்றினார். சோலோன் வரை இப்படியே போனோம். வாய் நாத்தனாரோடு காரைக்காலில் இருந்தது, கை சைகோனில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. தான் இழுப்பது மதாமுக்கே தெரியவில்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடலாம். ஒரு பல் மாட்டிய பிரேக்கோடு தினமும் அத்தனை மைல். தேயாமல் என்ன செய்யும்? வண்டியை நிறுத்தும்போது நாலு கம்பியை முழுக்க இழுத்து, கிளம்பும்போது முழுக்க இறக்கிவிடுவான். அதனால்தான் பட்டறையில் சக்கரம் ராட்டினமாகச் சுற்றியிருக்கிறது.

மதாம் மீன் கடைக்குள் போனதும் நாலுவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா சொல்லல? வேலை போகப் போகுதே!"

அவன் கடைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான்: "சொன்னா முசியே கோவம். மதாமை இனிமே கார்ல போகாதேன்னு சொல்லும். மதாம் வெளிய வர்றது இந்தக் கார்லதான். எனக்கு வேற வேலை கிடைக்கும் பாய் அண்ணே. மதாமுக்கு வேற கார் கிடைக்காது."

நான் தலைகுனிந்தேன். அங்கேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நூல் நல்ல நூல்" என்றான் சிரித்துக்கொண்டே.

அன்று மத்தியானமே முசியேயைப் பார்த்து, தப்பு என்னுடையது, கேபிளில் கோளாறு, நூல் அதிர்வில் அறுந்தது, நாலுவின் மேல் குற்றமில்லை என்று சொன்னேன். முசியே என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாலுவின் வேலை பிழைத்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையில் நான் நல்லவனாகவே முடிந்திருப்பேன். ஆனால் கெட்டிக்காரனாகவும் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மதாமின் கை எதையாவது இழுத்துக்கொண்டுதான் இருக்கும். சரி, இழுக்க வேறொன்று கொடுத்துவிட்டால்? பட்டறையில் ஒரு பழைய கம்பியை எடுத்து வளைத்து, பல் சக்கரம் வைத்து, கனமான ஸ்பிரிங் மாட்டி, அச்சு அசலாக இன்னொரு கை பிரேக் செய்தேன். உண்மையான பிரேக்குக்குப் பக்கத்தில், மதாமின் ஓரமாகப் பொருத்தினேன். இழுத்தால் கடிக் கடிக் என்று சத்தம் வரும். கைக்கு நல்ல கனம் தெரியும். அடியில் அது எதோடும் சேர்ந்திருக்காது. என் கலைத்திறமை அதோடும் அடங்கவில்லை. உண்மைக் கம்பியைவிட இரண்டு விரல் உயரமாக விட்டு, உச்சியில் ஒரு பித்தளைக் குமிழைப் பளபளவென்று தேய்த்து மாட்டினேன்.

"இது என்னங்க?" என்றார் மதாம்.

"பக்கத்துல உக்கார்றவங்களுக்கு ரெண்டாவது பிரேக்குங்க மதாம். ஒரு பாதுகாப்புக்கு."

முசியேயிடமும் அதையே சொன்னேன். நாலுவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நான்கு நாள் கழித்து மதாமிடம், "புது பிரேக் எப்படிங்க?" என்று கேட்டேன். "அதுவா வைத்தி? ரொம்ப அழகா இருக்கு" என்றார். ஆறு வாரம் கழித்து டிரம்மைக் கழற்றினால் லைனிங் பூவாக இருந்தது. மூன்று மாதம் கழித்தும் அப்படியே. பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் கதையைச் சொல்லியாயிற்று. பத்ரோன் சிரித்துச் சிரித்து இருமினார். என் நடையே மாறிவிட்டது.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த முசியேயின் நண்பர் வீட்டுக்கு விருந்துக்குக் கிளம்பினார்கள். வண்டியைத் தேற்றிக் கொடுத்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். பின்சீட்டில், சலவைச் சட்டையோடு நான். காரை ஏற்றிப்போகும் படகு அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. துறையில் சரிவான பாதை நேரே தண்ணீருக்குள் இறங்கும். வரிசையில் எங்கள் கார்தான் முதல், நாலு கால் பிரேக்கை மிதித்துப் பிடித்திருந்தான். முசியே சீட்டு வாங்க இறங்கிப் போனார்.

ஆற்றுக்காற்று ஒன்று வீசியது. முசியேயின் வெள்ளைத் தொப்பி தலையைவிட்டுக் கிளம்பி, உருண்டு, எங்கள் காரைத் தாண்டித் தண்ணீரை நோக்கி ஓடியது. "நாலு! என் ஷப்போ!" என்று முசியே கத்தினார். நாலு கண்ணைத் தொப்பியில் வைத்தபடி, கைக்கு அகப்பட்ட பிரேக்கைச் சரக்கென்று இழுத்துவிட்டுக் குதித்து ஓடினான். கைக்கு அகப்பட்டது எதுவென்று உங்களுக்குத் தெரியும். இரண்டு விரல் உயரமான, பித்தளைக் குமிழ் வைத்தது.

கார் அசைந்தது. நான் முதலில் காற்று என்று நினைத்தேன். அப்புறம் துறையின் மரத்தூண்கள் பின்னால் நகர்வதைப் பார்த்தேன். அந்த நொடியில் பிரேக் நிபுணர் வைத்திலிங்கம் என்ன செய்தான் என்கிறீர்கள்? கதவைத் திறந்து குதித்தான். யோசிக்கவேயில்லை. சேற்றில் விழுந்து, ஒரு கூடைக்காரியின் நண்டுக்கூடையில் முகம் வைத்து எழுந்தான். என் பிரேக்கின் மீது எனக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான் என்பதை சைகோன் துறைமுகமே பார்த்தது.

எழுந்து பார்த்தபோது கார் தண்ணீர் விளிம்பில் இருந்தது. உள்ளே மதாம் தனியாக. அவர் பித்தளைக் குமிழைத் தொடவேயில்லை. ஒரு காலை முன்பலகையில் ஊன்றி, இரண்டு கையாலும் பக்கத்திலிருந்த உண்மையான பிரேக்கைப் பிடித்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து ஒரே இழுப்பு. பின்சக்கரம் இரண்டும் கல்லில் கிறீச்சிட்டன. முன்சக்கரம் அச்சு வரைக்கும் நனைந்து கார் நின்றது.

 மதாம் தலையை வெளியே நீட்டி, "படகுச் சீட்டு வாங்கியாச்சா?" என்று கேட்டார். அவர் கை இன்னும் பிரேக்கைவிட்டு வரவில்லை.

முசியே ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. மதாமுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டதும் பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. தொப்பியோடு வந்து நின்ற நாலுவைப் பிடித்துக்கொண்டார். "பிரேக் போடாம எறங்கினியா? கொலைகாரா!"

"போட்டேன் முசியே" என்றான் நாலு. முசியே எட்டிப் பார்த்தார். பித்தளைக் குமிழ் முழுக்க ஏறி நின்று வெயிலில் மின்னியது. "பிரேக் ஏறியிருக்கே! அப்புறம் வண்டி எப்படி ஓடும்?" என்று என்னைப் பார்த்தார். நாலுவும் என்னைப் பார்த்தான். தான் எதை இழுத்தோம் என்பது அவனுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றான். முன்பு மதாமுக்காக நின்றது போலவே.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். "கேபிள் அறுந்துபோச்சுங்க முசியே" என்று நான் சொல்லியிருக்கலாம். ஒருவரும் காருக்கு அடியில் படுத்துப் பார்க்கப் போவதில்லை. வண்டி விஷயத்தில் மெக்கானிக் சொன்னதுதான் உண்மை. எதிர்த்துச் சொல்ல ஆளில்லை. பழியெல்லாம் ஒரு துருப்பிடித்த கேபிளோடு போயிருக்கும். என் வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. ஒரு தடவை ஏற்கனவே கேபிள் மேல் பழி போட்டவன்தானே. நாலுவின் முகத்தைப் பார்த்த பிறகு அது வெளியே வரவில்லை.

"அது பிரேக்கே இல்லீங்க" என்றேன். சேறு வழிய நின்று முழுவதையும் சொன்னேன். லைனிங் தேய்ந்தது, மதாமின் கை, நாலு வாய் திறக்காதது, நான் செய்து மாட்டிய பொம்மை. சொல்லி முடித்தபோது கூட்டம் கூடிவிட்டது.

முசியே மதாமைப் பார்த்தார். "ரொசாலி, நீ பிரேக்கை இழுப்பியா?"

"இழுத்திருக்கேன். எனக்கே தெரியாதுங்க. வைத்தி அந்தப் பொம்மையை மாட்டின ரெண்டாம் நாளு இழுத்துப் பார்த்தேன். வண்டி வேகம் துளியும் கொறையல. அப்பதான் நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு வெளங்குச்சு. வெக்கமா போச்சு. அன்னிக்கிலேருந்து கையை மடியில வெச்சுக்கிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரெண்டாம் நாளே தெரியுமா? அப்ப நல்லா இருக்குன்னு சொன்னீங்களே மதாம்!"

"அழகா இருக்குன்னு சொன்னேன். அவ்வளவு ஆசையா தேய்ச்சு மாட்டிட்டு மூஞ்சியப் பார்த்துக்கிட்டு நின்னா, வேற என்ன சொல்றது?"

லைனிங் தேயாததற்கு என் புத்திசாலித்தனம் காரணமில்லை. அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டதுதான் காரணம். மூன்று மாதம் நான் மார்தட்டிக்கொண்டு திரிந்தது இதற்குத்தான். ஊரில் அந்தப் பொம்மையை நம்பி இழுத்து ஏமாந்த ஒரே ஆள், அது பொம்மை என்று தெரிந்திருந்த நாலு.

"அது எப்படி உனக்குத் தெரியும்? வேகம் கொறையுது, கொறையலன்னு?" என்று முசியே கேட்டார்.

மதாம் காரிலிருந்து இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரில் நின்றார். துறை முழுவதும் கேட்கும்படி சொன்னார்: "எங்கப்பா இந்த ஊர்ல மலபார் வண்டி ஓட்டினாரு. பக்கத்துல உக்காந்து பிரேக் போட்டது நானு. ஏழு வயசுலேருந்து கல்யாணம் வரைக்கும்."

மலபார் வண்டி என்பது சைகோனில் வாடகைக்கு ஓடிய ஒற்றைக் குதிரை வண்டி. முதலில் ஓட்டியவர்கள் நம் ஆட்கள் என்பதால் வண்டிக்கே அந்தப் பெயர். கோர்ட்டுத் தலைமைக் குமாஸ்தாவின் மாமனார் குதிரை வண்டி ஓட்டியவர் என்பது அந்த வீட்டில் மூடி வைத்த விஷயம். முசியே சுற்றிலும் பார்த்தார். துறையில் அவருக்குத் தெரிந்தவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். காலரைச் சரி செய்துகொண்டார். பிறகு அவருக்கு என்ன தோன்றியதோ, நனைந்த முன்சக்கரத்தையும் தண்ணீரில் நின்ற மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "உங்கப்பா நல்லா கத்துக்கொடுத்திருக்காரு."

"அப்ப நான் ஓட்டக் கத்துக்கிறேன்" என்றார் மதாம்.

"காரையா? நீயா?"

"வண்டியவிட்டுக் குதிச்சது ரெண்டு ஆம்பளைங்க. நிறுத்தினது யாரு?"

கூடைக்காரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள்தான் முதலில் சிரித்தாள். என் சட்டைப் பையிலிருந்து ஒரு நண்டு வெளியே வந்துகொண்டிருந்தது.

அன்றே அந்தப் பொம்மைக் கம்பியைக் கழற்றினேன். பிரேக் போலத் தோற்றமளித்துப் பிரேக்காக இல்லாத எதையும் எந்த வண்டியிலும் வைக்காதீர்கள், எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும். அவசரத்தில் கை எதைத் தேடிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மதாமிடம் முதலிலேயே, "அம்மா, நீங்க இழுக்குறீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லத் தைரியமில்லாமல் ஒரு முழம் இரும்பை வளைத்தேன். பத்ரோனிடம் நடந்ததைச் சொன்னபோது இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. ஒரு மாதம் என்னைச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் வேலையில் போட்டார். நியாயம்தான்.

மதாமுக்கு நாலு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். கற்றுக்கொடுக்க அதிகம் இல்லை என்றான். சாலையில் எது எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கியர் மட்டும்தான் புதிது. லைசென்ஸ் வாங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே ஓட்டினார். நாலு பின்சீட்டில் சாய்ந்துகொண்டு தெருவை வேடிக்கை பார்த்துவருவான். முசியே மதாமுக்குப் பக்கத்து ஆசனத்தில்.

அரை வருஷம் கழித்து வண்டி சோதனைக்கு வந்தது. முசியேதான் கூட வந்தார். டிரம்மைக் கழற்றினேன். முன்னால், பின்னால், நான்கு லைனிங்கும் புதிதுபோல் இருந்தன. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். திருப்தியாகத் தலையாட்டினார். ஆனால் போகாமல் நின்றார்.

"வைத்திலிங்கம், ஒரு விஷயம். அந்தத் தரை விரிப்பு ரொம்ப மட்டமான சரக்குப்பா. ஒரு பக்கம் ஓட்டையாயிடுச்சு."

குனிந்து பார்த்தேன். பக்கத்து ஆசனத்துக்கு முன்னால், சரியாக வலது கால் வைக்கும் இடத்தில், ஒரு பூட்ஸ் அடி அளவுக்கு விரிப்பு தேய்ந்து, கீழே பலகை தெரிந்தது. பலகையிலும் லேசாகப் பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது.

நிமிர்ந்து முசியேயைப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய ஸ்பேனர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"விரிப்பு நல்ல சரக்குதாங்க முசியே" என்றேன். "நீங்கதான் மிதிக்கிறீங்க."

அவர் காது சிவந்தது. அப்புறம், காலர் கசங்கியதைப் பற்றிக் கவலைப்படாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.